'மிரட்டல் மதிப்பீடு' என்று எழுதாதீர்கள்

போன மாதம் கோவை அவிநாசி சாலையில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். அறிவிப்புப் பலகையில் 'மிரட்டல் மதிப்பீடு மற்றும் மேலாண்மைக் குழு' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மகனைச் சேர்க்க வந்திருந்த கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தகப்பனார் ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, பசங்கள மிரட்டறதுக்குன்னே ஒரு குழு வெச்சிருக்காங்களா?" அவர் சரியாகத்தான் படித்தார். எழுதியவர்தான் தவறாக எழுதியிருக்கிறார். இந்தச் சொல்லை நான்காவது முறையாகப் பார்க்கிறேன், இனியும் சும்மா இருக்க மனம் வரவில்லை.

ஆங்கில மூலம் 'திரெட் அசெஸ்மென்ட்'. ஒருவர் பிறரைத் தாக்கக்கூடுமா என்று முன்கூட்டியே ஆராய்ந்து பார்ப்பது. திரெட் என்பது பழைய ஆங்கிலத்தில் நெருக்கும் கூட்டம், ஒடுக்குதல். இன்று மிரட்டும் பேச்சுக்கும், பேச்சே இல்லாமல் வரக்கூடிய ஆபத்துக்கும் அது பொதுச்சொல். அசெஸ் என்பது 'பக்கத்தில் உட்காரு' என்ற லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்து, வரி விதிப்பில் புழங்கிய சொல். அவ்வளவுதான்.

தமிழில் மிரட்டல் அப்படி இரண்டையும் சுமக்காது. அந்தியூர்ச் சந்தையில் கூட்டத்தைப் பார்த்து மாடு மிரளும். வேண்டுமென்றே மிரள வைத்தால் அது மிரட்டல். அதற்கு மிரட்டுகிறவன் ஒருவன் வேண்டும், அவன் வாயோ கையோ அசைய வேண்டும். 'வெடிகுண்டு மிரட்டல்' சரியான சொல்தான், ஏனென்றால் அங்கே மிரட்டிய வாசகம் ஒன்று இருக்கிறது.

இந்தக் குழுவின் வேலை வாசகத்தோடு நிற்பதல்ல. 2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் அரசுக் கல்லூரிகளில் இப்படிக் குழு வேண்டும் என்று சட்டம் போட்டது. அதற்கு முன்பே, 2002-இல், அந்நாட்டு ரகசியக் காவல் பிரிவும் கல்வித்துறையும் 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்திருந்தன. தாக்கியவர்களில் பெரும்பாலோர் யாரைத் தாக்கினார்களோ அவர்களை முன்கூட்டி நேரில் மிரட்டவே இல்லை. ஆனால் திட்டம் வேறு யாருக்காவது தெரிந்திருந்தது. மிரட்டுகிறவன் எல்லாம் தாக்குவதில்லை, தாக்குகிறவன் எல்லாம் மிரட்டுவதில்லை. அந்தத் துறையின் முதல் பாடமே இது. நம் மொழிபெயர்ப்போ அந்தப் பாடத்தைத் தலைப்பிலேயே அழித்துவிடுகிறது.

சரி, 'அச்சுறுத்தல் மதிப்பீடு' என்கிறார்கள் சிலர். காடழிப்பு யானைகளுக்கு அச்சுறுத்தல் என்று எழுதுகிறோமே, வாய் பேசாததற்கும் அது பொருந்துகிறதே என்பது அவர்கள் வாதம். காட்டுக்குப் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். அதையே ஒரு மாணவனிடம் கொண்டு வாருங்கள். 'அச்சுறுத்தல் உள்ள மாணவர்' என்று கோப்பில் எழுதினால், அவனை யாரோ அச்சுறுத்துகிறார்களா, அவன் பிறரை அச்சுறுத்துகிறானா? ஒரு பையனின் படிப்பே அந்தக் கோப்பில் தொங்கும்போது இந்த மயக்கம் சின்ன விஷயமல்ல. மதிப்பீடும் அப்படியே. கல்லூரியில் அந்தச் சொல் மதிப்பெண்ணைக் குறிக்கும், பத்திர அலுவலகத்தில் நில விலையை. மேலாண்மை நீருக்கும் குப்பைக்கும் இருக்கட்டும், மனம் உடைந்து நிற்கிற பிள்ளைக்கு வேண்டாம்.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'கேடு நாடல்' என்றார். நாடுதலுக்கு ஆராய்தல் என்ற பொருள் உண்டு, உண்மை. ஆனால் கேடு நாடுகிறவன் என்றால் ஊரில் என்ன பொருள்? கெடுதல் நினைக்கிறவன். தூய சொல்லாக இருந்து என்ன பயன், பொருள் தலைகீழாகப் போனால்?

நான் சொல்வது 'தீங்கறிந்து தணித்தல்'. நடந்து முடிந்ததை மட்டுமல்ல, வரக்கூடியதையும் தீங்கு என்கிறோம். அறிதலில் விசாரிப்பது, கவனிப்பது, சேர்த்துப் பார்ப்பது எல்லாம் அடங்கும். காய்ச்சலைத் தணிக்கிறோம், கோபத்தைத் தணிக்கிறோம். ஆற்றுப்படுத்துநரிடம் அனுப்புவது, வீட்டாரை அழைத்துப் பேசுவது, அப்புறம் விடாமல் தொடர்ந்து பார்ப்பது எல்லாம் தணித்தல்தான். தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங்குக்குத் தடைச் சட்டம் வந்தது. 'ராகிங் தடுப்புக் குழு' என்ற பெயரைப் பார்த்து எந்தப் பெற்றோரும் குழம்பியதில்லை, செய்யும் வேலையைப் பெயரே சொல்லிவிடுகிறது.

அகராதியைத் திறந்து சொல்லுக்குச் சொல் வைத்து, நடுவில் ஒரு 'மற்றும்' செருகுவதை மொழிபெயர்ப்பு என்கிறார்கள். அந்தக் குழுவில் இருந்து வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. 'தீங்கறிந்து' என்ற எச்சமே இரண்டு வேலையையும் இணைத்துவிடுகிறது, அங்கே 'மற்றும்' தேவையே இல்லை.