ரேம் போட்டால் பூட்டு திறக்காது

இப்படிக் கணினி உறைந்து என்னைக் கூப்பிடுவது இந்த வருஷத்தில் இது நான்காவது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை (பாமாயில்) மில், காலை 7 மணிக்கு அழைப்பு, எடைமேடை கணினி உறைந்துவிட்டதாம். போய்ப் பார்த்தால் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் லோரி. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், டிரைவர்கள் கத்துவதில் தப்பே இல்லை.

"அண்ணே, இப்பத்தான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். போன வாரம் ரேம்கூட புதுசு போட்டாச்சு" என்றார் கிராணி (மில் குமாஸ்தா). போச்சு, தடயமெல்லாம் அதோடு போச்சு. மறுபடி உறையும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

11.40க்கு உறைந்தது. மவுஸ் நகர்கிறது, எடை காட்டும் விண்டோ மட்டும் அசையவில்லை. அந்த புரோகிராமின் சிபியு பூஜ்யம். இதைத்தான் எத்தனை தடவை சொல்வது? ரேம் பற்றாவிட்டால் கணினி திணறும், டிஸ்க் விளக்கு விடாமல் மினுங்கும், எல்லாமே இழுக்கும். இங்கே யாரும் திணறவில்லை, சும்மா நிற்கிறார்கள். திரெட் என்றால் ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலையாள்; பூட்டு என்றால் ஒன்றை ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொடலாம் என்ற காவல். தராசைப் படிக்கும் திரெட் தராசுப் பூட்டைப் பிடித்துக்கொண்டு டேட்டாபேஸ் பூட்டுக்குக் காத்திருக்கிறது, சீட்டு அடிக்கும் திரெட் டேட்டாபேஸைப் பிடித்துக்கொண்டு தராசுக்குக் காத்திருக்கிறது. தோட்டத்து ஒற்றைப் பாலத்தில் எதிரெதிரே ஏறிய இரண்டு லோரி. அதற்கு ரேம் போடுவது, ரெண்டு லோரிக்கும் டீசல் ஊற்றுவது மாதிரி.

அந்த புரோகிராமை எழுதிய தம்பிக்குப் போன் போட்டால், "திரெட் லைப்ரரியில் பக் அண்ணே" என்கிறார். பூட்டு கிடைக்கும் வரை காத்திரு என்று சொன்னோம், அது காத்திருக்கிறது. லைப்ரரியிலும் பக் வரும், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் 2003இல் வந்த என்பிடிஎல் என்ற திரெட் லைப்ரரியை லினக்ஸ் உலகில் பெரும்பகுதி ஓட்டுகிறது தம்பி, முதலில் நாம் எழுதியதைப் பார்ப்போம்.

புரோகிராம் எழுதுகிறவர்களே, பூட்டுகளை எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் எடுங்கள். சி++ மொழியின் 17ஆம் பதிப்பு (சி++17) என்றால், பல பூட்டுகளைச் சிக்காமல் சேர்த்து எடுக்கும் ஸ்கோப்ட் லாக்கிடம் ரெண்டையும் சேர்த்துக் கொடுங்கள். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிரிண்டருக்குக் காத்திருக்காதீர்கள். பல திரெட் ஓடும்போது ஃபோர்க் (ஓடும் புரோகிராமை நகலெடுத்துப் பிள்ளை புரோசஸ் உண்டாக்கும் கட்டளை) போடாதீர்கள்: பிள்ளை புரோசஸுக்கு ஒரே ஒரு திரெட்தான் போகும், மற்றவை பிடித்திருந்த பூட்டு பூட்டியபடியே போகும், திறக்க ஆளே இருக்காது.

கிராணிமாரே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. உறைந்தால் பவர் பட்டனைத் தொடாதீர்கள். வேறொரு டெர்மினலில், ஓடும் புரோகிராமின் உள்ளே எட்டிப் பார்க்கும் ஜிடிபி கருவியை அந்த புரோசஸில் மாட்டி, ஒவ்வொரு திரெட்டும் எங்கே நிற்கிறது என்று காட்டும் 'திரெட் அப்ளை ஆல் பிடி' (thread apply all bt) அடித்து, வருவதை முழுசாகப் போட்டோ எடுங்கள். தெரியாவிட்டால் எனக்குப் போன் போடுங்கள். டிரைவர்கள் இன்னும் பத்து நிமிஷம் திட்டட்டும், பரவாயில்லை.