டெலிரியம்: ஜன்னியா, பிதற்றலா?

உடம்பில் ஏதோ கோளாறு வந்து திடீரென்று புத்தி தடுமாறுவதை டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? டெலிரியம் ஏர் ஓட்டியவர்களிடமிருந்து பிறந்த லத்தீன் சொல். 'லிரா' என்றால் உழவுசால், 'டெ' என்றால் விட்டு. சால் தப்பிப் போவது. காய்ச்சலோடு வரும் புத்தித் தடுமாற்றத்துக்கு இதை கி.பி. முதல் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற ரோமானியர் எழுதிவிட்டார். எங்கள் தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஏர் பிடித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தமிழில் பழைய சொல் சன்னி, பேச்சில் ஜன்னி. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெடுவதைச் சொல்லும் 'சன்னிபாதம்' என்ற வடசொல்லின் சுருக்கம் அது. ஆனால் இன்று வலிப்பும் ஜன்னிதான், ரண ஜன்னியும் (டெட்டனஸ்) ஜன்னிதான், பிரசவ ஜன்னியும் ஜன்னிதான். டாக்டரிடம் வெறுமனே 'ஜன்னி கண்டுடுச்சு' என்றால் அவர் வலிப்பைத் தேடுவார்.

அகராதிகள் தரும் 'பிதற்றல்' இன்னும் சிக்கல், நோயில் பாதியைத்தான் அது காட்டுகிறது. இடுப்பெலும்பு அறுவை முடிந்த பெரியவர் நடுராத்திரியில் எழுந்து, "மாடு ராகிக் கொல்லையில பூந்துடுச்சு, ஓட்டுடா" என்று குளுக்கோஸ் டியூபைப் பிடுங்குவது பிதற்றல்தான். யாரும் அதைத் தவறவிட மாட்டார்கள், காத்து கருப்பு என்றாவது பதறுவார்கள். பக்கத்துக் கட்டிலில் பாட்டி சுவரைப் பார்த்தபடி கிடக்கிறார். களி ஊட்டினால் வாயிலேயே வைத்திருக்கிறார், கூப்பிட்டால் கண் திறந்து அப்படியே அசந்துவிடுகிறார். "பாவம், அலுப்பு, தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். இதுவும் டெலிரியமே. வயதானவர்களுக்கு அதிகம் வருவதும், அதிகம் கவனிக்காமல் போவதும், ஆபத்து கூடியதும் இந்த அமைதியான வகைதான். பகலில் அசந்தும் இரவில் ஆர்ப்பரித்தும் மாறி மாறி வரும் கலப்பு வகையும் உண்டு.

குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது டெலிரியம் டிரெமன்ஸ். 1813இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் வைத்த பெயர். உயிரையே பறிக்கும், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும். டெலிரியம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வந்துவிடும். காலையில் தெளிந்து அந்தியில் கூடும். கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் வெள்ளியிலேயே நின்றுவிடுவார், கவனம் தங்காது. மூத்திரத் தொற்று, நிமோனியா, நீர் வற்றுவது, ரத்தத்தில் சோடியமோ சர்க்கரையோ இறங்குவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை என ஏதோ ஒன்று அடியில் இருக்கும். அதைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிவார்கள். அதற்குள் நாமாகத் தூக்க மாத்திரை கொடுத்துவிடக் கூடாது.

ஆகவே என் தேர்வு 'திடீர் நினைவுத் தடுமாற்றம்'. 'நெனவு தடுமாறுது' என்று நம் வீடுகளில் ஏற்கெனவே சொல்கிறோம், கத்துபவருக்கும் சுருண்டு கிடப்பவருக்கும் அது பொருந்தும். 'திடீர்' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம், "நேத்து மத்தியானம் வரைக்கும் நல்லாப் பேசினாங்க, ராத்திரியிலிருந்து நெனவு தடுமாறுது" என்று நேரத்தோடு சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.