ஊஞ்சலாடிய செயற்கைக்கோள்

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிற நண்பர் போன வாரம் கேட்டார்: "சாரே, போன் தொலைஞ்சா எங்கே கிடக்குன்னு இன்னொரு போன்ல பார்த்துடலாம். அத்தனை பெரிய விமானத்தை மட்டும் ஏன் பார்க்க முடியலை?"

அவர் கேட்டது, நடுவானில் காணாமல் போன மலேசியா ஏர்லைன்ஸின் எம்.எச். 370 பற்றி. 2014 மார்ச்சில் அந்தச் செய்தி வந்த வாரம், கொச்சி வழியாக மலேசியா போக டிக்கெட் எடுத்திருந்தவர்கள் அவர் கடையில் வந்து நின்று, "வேற விமானமாப் பார்த்து மாத்திப் போடுங்க" என்றார்களாம். வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள்கூடத் தேதியைத் தள்ளிக் கேட்டார்களாம். காரணம் தெரிந்த விபத்து என்றால் அவரால் ஏதாவது சமாதானம் சொல்ல முடிந்திருக்கும். இதற்கு என்ன சொல்வது?

போனுக்கு டவர் உண்டு, நடுக்கடலில் டவர் இல்லை. கரையிலுள்ள ரேடார் சில நூறு கி.மீ. தாண்டிப் பார்க்காது. விமானத்துக்குத் தான் இருக்கும் இடம் தெரியும், ஆனால் அது வாய் திறந்து சொன்னால்தான் நமக்குத் தெரியும். அப்படிச் சொல்கிற கருவி டிரான்ஸ்பாண்டர். கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்கு 239 பேருடன் கிளம்பிய அந்த போயிங் 777-இன் டிரான்ஸ்பாண்டர், மார்ச் 8 நள்ளிரவு தாண்டி 1.21-க்கு அடங்கியது. விமானம் மேற்கே திரும்பி அந்தமான் கடல் பக்கம் போவதை ராணுவ ரேடார் 2.22 வரை பார்த்தது. அதோடு சரி.

ஆனால் ஒரு கருவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. விமானத்தின் செயற்கைக்கோள் தொடர்புப் பெட்டியை, இன்மர்சாட் நிறுவனத்தின் தரைநிலையம் ஏறக்குறைய மணிக்கு ஒரு தடவை "இருக்கிறாயா?" என்று கேட்கும். பெட்டி "இருக்கிறேன்" என்னும். காலை 8.19 வரை இந்தப் பேச்சு நடந்திருக்கிறது. அதில் இடமும் இல்லை, திசையும் இல்லை. ஆனால் பதில் வந்து சேர எடுத்த நேரம் பதிவாகியிருந்தது. 2009-இல் ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்த பிறகு சேர்க்கப்பட்ட ஒரு கூடுதல் பதிவு அது. ரேடியோ அலையின் வேகம் தெரியும் என்பதால் நேரத்திலிருந்து தூரம் கிடைத்துவிடும். செயற்கைக்கோளிலிருந்து இத்தனை கி.மீ. என்றால், பூமியின் மேல் ஒரு வளையம் வரையலாம். விமானம் அந்த வளையத்தில் எங்கோ இருந்தது. வடக்கே மத்திய ஆசியாவாகவும் இருக்கலாம், தெற்கே இந்தியப் பெருங்கடலாகவும் இருக்கலாம்.

எது? இதற்கு விடை கிடைத்த விதத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

குழித்துறை ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயிலின் ஹாரன் ஓசை, வரும்போது கூர்மையாகவும் போகும்போது தணிந்தும் கேட்கும். பள்ளியில் படித்த டாப்ளர் விளைவு. ரேடியோ அலைக்கும் இதே கதைதான். ஆனால் விமானத்தின் பெட்டி, தன் வேகத்தால் வரும் மாற்றத்தைத் தானே கணக்குப் போட்டுச் சரிசெய்துதான் அலையை அனுப்பும். அப்படியானால் தடயமே மிஞ்சக் கூடாது. மிஞ்சியது. ஏனென்றால், செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே அசையாமல் நிற்கிறது என்று நம்பித்தான் பெட்டி கணக்குப் போட்டது. 1996-இல் ஏவிய அந்தக் கிழட்டுச் செயற்கைக்கோள் அப்படி நிற்கவில்லை. எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக அதன் வடக்கு தெற்கு ஆட்டத்தைத் திருத்தாமல் விட்டிருந்தார்கள். தேங்காப்பட்டணத்தில் நங்கூரம் போட்ட வள்ளம் அலைக்கு ஆடுகிற மாதிரி அது ஆடிக்கொண்டிருந்தது.

அன்று அதிகாலை மூன்றரை மணியளவில் அது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 1,200 கி.மீ. தள்ளி, ஆட்டத்தின் உச்சியில் இருந்தது. பிறகு தெற்கே இறங்கத் தொடங்கியது. உச்சியிலிருந்து இறங்கும் ஊஞ்சல் போல வேகமும் ஏறிக்கொண்டே போனது. விமானம் தெற்கே இருந்தால் செயற்கைக்கோள் அதை நோக்கி வருகிறது, அலையின் அதிர்வெண் கூட வேண்டும். வடக்கே இருந்தால் விலகிப் போகிறது, குறைய வேண்டும். எதிர்பார்த்த அதிர்வெண்ணைவிட எவ்வளவு கூடியது என்று பதிவேட்டில் இருந்த எண்களைப் பாருங்கள். 3.41-க்கு 111 ஹெர்ட்ஸ், 4.41-க்கு 141, 5.41-க்கு 168, 6.41-க்கு 204, 8.11-க்கு 252. நொடிக்கு 164 கோடி தடவை அதிரும் அலையில் இவ்வளவுதான் வித்தியாசம். தெற்கு என்று சொல்ல அது போதுமானதாக இருந்தது. 8.19-க்கு வந்த கடைசி இரண்டு பதிவுகளில் எட்டு நொடிக்குள் எண் 182-இலிருந்து பூஜ்யத்துக்கும் கீழே விழுந்தது. விமானம் வேகமாகக் கீழே இறங்கியதன் அடையாளம் அது.

2015 ஜூலையில் அதன் இறக்கைப் பகுதித் துண்டு ஒன்று ரீயூனியன் தீவில் ஒதுங்கியபோது தெற்கு என்பது உறுதியானது. ஆனால் கடலடியில் 1,20,000 சதுர கி.மீ. அலசியும் விமானம் கிடைக்காமல், 2017 ஜனவரியில் தேடலை நிறுத்தினார்கள்.

இதற்குள் பயணத் தொழில் ஆட்டம் கண்டிருந்தது. எம்.எச். 370-இன் பயணிகளில் பெரும்பாலோர் சீனர்கள். சீனாவிலிருந்து மலேசியாவுக்குச் சுற்றுலா வருவோர் குறைந்தார்கள். 2014 ஜூலையில் அதே நிறுவனத்தின் எம்.எச். 17-ம் உக்ரைன் மேலே சுட்டு வீழ்த்தப்பட, மலேசியா ஏர்லைன்ஸை அரசு முழுதாக எடுத்துக்கொண்டு சுமார் 6,000 பேரைக் குறைத்தது. விதிகளும் மாறின. 2018 நவம்பரிலிருந்து கடல் மேல் பறக்கும் பெரிய விமானம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். நீருக்கடியில் ஒலி எழுப்பும் கருவியின் பேட்டரி ஆயுள் 30 நாளிலிருந்து 90 நாளானது. 2019 முதல் 66 இரிடியம் செயற்கைக்கோள்கள் நடுக்கடல் மேல் பறக்கும் விமானங்களின் குரலையும் கேட்கின்றன. என் நண்பர் தன் வாடிக்கையாளர்களிடம் தைரியமாகச் சொல்லக்கூடிய விஷயங்கள் இவை.

அந்த நாட்களில் கோலாலம்பூர் விமான நிலையத்துக்கே ஒரு மந்திரவாதி தேங்காய்களோடு வந்து விமானத்தைத் தேடினார். எங்கள் பக்கத்திலும் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. ஒக்கிப் புயலுக்குப் பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வீடுகளில் கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்தவர்களின் முகம் தெரிந்த யாருக்கும் அந்த மையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது. தவிப்பில் இருப்பவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு பொய் சொல்வது கொடுமை.

அந்தப் பணமும் நம் வரிப்பணமும் ஆழ்கடல் கருவிகளுக்குப் போக வேண்டும் என்பேன். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக்கடல் மேலே மறைந்தது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆளில்லாத தானியங்கி நீர்மூழ்கி ஒன்றை இறக்கியது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில், அது சோனார் என்னும் ஒலியலைக் கருவியால் கடல் தரையைத் தடவி, சிதறிக் கிடந்த பாகங்களைப் படமெடுத்து வந்தது. அவை அந்த விமானத்தின் பாகங்கள்தான் என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள்.