ஆவாரையா, பேயாவாரையா? பறிப்பதற்கு முன் இலையைப் பாருங்கள்

சர்க்கரைக்கு ஆவாரம்பூ நல்லது என்று எங்கேயோ கேட்டுவிட்டு, காலையில் நடக்கப் போகிற வழியில் மஞ்சளாகப் பூத்திருப்பதையெல்லாம் பறித்து வந்து, காயவைத்துப் பொடித்துக் குடிக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். நான் சித்த மருத்துவர் என்பதால் "டாக்டர், இது ஆவாரைதானே?" என்று பையைத் திறந்து காட்டிக் கேட்பவர்களும் உண்டு. கேட்காமலே குடிப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை, ஏனென்றால் அந்தப் பைகளில் ஆவாரையோடு பேயாவாரையும் கலந்து வருகிறது.

இரண்டும் ஒரே பேரினத்துச் செடிகள், பூவின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆவாரை நம் மண்ணுக்கே உரியது, இந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட நிலத்தில் தானாக வளர்வது, வெட்டினாலும் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். பட்டையில் துவர்ப்புச் சத்து அதிகம் என்பதால் தோல் பதனிடக் காலங்காலமாகப் பயன்பட்டது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூவோடு வைக்கிறோமே, அது இதுதான். பேயாவாரை வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து பரவியது. மழை பெய்ததும் தரிசிலும் குப்பைமேட்டிலும் ரயில் பாதை ஓரத்திலும் முளைத்து, இடுப்பளவு வளர்ந்து, காய்த்து, பெரும்பாலும் சில மாதங்களில் காய்ந்துவிடும். இதைச் சில ஊர்களில் பொன்னாவாரை என்றும் சொல்கிறார்கள், ஆகவே பேரை நம்பி வாங்காதீர்கள்.

பூவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், முதலில் இலையைப் பாருங்கள். ஆவாரையில் ஒரு காம்பில் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி சிற்றிலைகள் நெருக்கமாக இருக்கும், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான், நுனி மழுங்கியிருக்கும். பேயாவாரையில் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து ஜோடிதான், நுனி கூராக இருக்கும், காம்பின் கடைசிக்குப் போகப் போக இலை பெரிதாகி விரல் நீளத்துக்கு வந்துவிடும். கசக்கி முகர்ந்தால் குப்பென்று ஒரு கெட்ட வாடை அடிக்கும், ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

இதைவிட நிச்சயமான அடையாளம் ஒன்று உண்டு, இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்தில், ஆவாரையில் காது மடல் போலப் பச்சையாக, அகலமாக, வட்டமாக ஒரு செதில் இருபக்கமும் நிற்கும். பேயாவாரையில் அந்தச் செதில் மிகச் சிறியது, சீக்கிரமே உதிர்ந்துவிடும். அதற்குப் பதில் காம்பின் அடியில் கருஞ்சிவப்பாக ஒரே ஒரு மணி மாதிரியான சுரப்பி தெரியும். ஆவாரையில் சுரப்பி மெல்லிய குச்சியாக, சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவே வரிசையாக இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டு பாருங்கள், சந்தேகமே வராது.

பூ: ஆவாரையில் கிளை நுனியில் கொத்துக் கொத்தாக, பெரிதாக, நல்ல மஞ்சளில், இதழ் சுருக்கம் சுருக்கமாக. மற்றதில் இலைக்கக்கத்தில் சில பூக்கள்தான், சிறியவை, வெளிர் மஞ்சள்.

காயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆவாரைக் காய் தட்டையாக, காகிதம் போல மெல்லியதாக, விதை இருக்கும் இடம் மேடாகத் தெரியும். பேயாவாரைக் காய் ஒடுக்கமாக, லேசாக மேல்நோக்கி வளைந்து, நடுவில் பழுப்பும் ஓரத்தில் வெளிர் நிறமுமாக இருக்கும், உள்ளே நிறைய விதைகள். இந்த விதையைப் பச்சையாகத் தின்ற குழந்தைகளுக்குக் கல்லீரல், தசை, மூளை மூன்றும் ஒன்றாகப் பாதிக்கப்பட்டிருக்கின்றன. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் மழைக்காலம் முடிகிற சமயத்தில் சிறு குழந்தைகள் இப்படி இறந்தார்கள். வைரஸ் மூளைக்காய்ச்சல் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். வேலூரைச் சேர்ந்த வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான் உள்ளிட்ட மருத்துவர்கள் 2000-களில் ஆராய்ந்தபோதுதான் இந்தச் செடி காரணம் என்று தெரிந்தது. 2016-இல் ஒடிசாவின் மல்கான்கிரியில் குழந்தைகள் இறந்தபோதும், ஜப்பானிய மூளைக்காய்ச்சலோடு இந்த விதையின் நஞ்சும் காரணமாகச் சொல்லப்பட்டது. மாடு, குதிரைக்கும் இது தசையைக் கெடுக்கும். நம் ஊரிலும் பள்ளிச் சுவர் ஓரமாக இது தாராளமாக வளர்கிறது, காய்ப்பதற்கு முன்பே பிடுங்கிப் போடலாமே.

பேயாவாரைக்கு மருத்துவப் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை, எங்கள் மருத்துவத்தில் அதற்கும் இடம் உண்டு, ஆனால் அது வைத்தியர் பார்த்துக் கொடுக்க வேண்டியது.

அப்புறம், பொடியாக வாங்காதீர்கள். பொடித்துவிட்டால் எது எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. முழுப் பூவாக வாங்கி, வீட்டில் காயவைத்துக்கொள்ளுங்கள். கடையில் 'நிலாவாரை' என்று எழுதியிருந்தால் அது மூன்றாவது செடி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பயிராவது, பேதிக்குக் கொடுப்பது. அதை ஆவாரை என்று நினைத்துத் தினமும் குடித்தால் வயிற்றுப்போக்கோடு உடம்பில் பொட்டாசியமும் குறையும். சரியான ஆவாரையே குடித்தாலும், சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை ரொம்ப இறக்கிவிடவும் கூடும், அதனால் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

குழந்தை பேயாவாரைக் காயைத் தின்றது தெரிந்தால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இதற்கென்று முறிவு மருந்து எதுவும் கிடையாது, வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது அந்தச் செடியில் காயோடு ஒரு கிளையை ஒடித்து எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.