மேளத்தை இரைச்சல் என்று முடிவு செய்தது யார்?

கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து பேரனை மேப்பிங்கிற்கு, அதாவது செவிக்குள் பொருத்திய கருவியை அவனுக்கேற்பச் சீரமைக்க, செவித்திறன் வல்லுநரான என்னிடம் அழைத்து வரும் அப்பாயி ஒருவர், மூளைக்குள் சில்லு பொருத்தும் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்து, "அந்தக் கம்பெனிய மூடிட்டா தலைக்குள்ள இருக்கறத யாரும்மா பாப்பா?" என்று கேட்டார். மனிதனும் செயற்கை நுண்ணறிவும் ஒன்றாகும் காலம் பற்றி நான் படித்த கட்டுரைகள் பலவற்றில் இந்தக் கேள்வியே இல்லை. அவருக்கு அது உடனே தோன்றியதில் வியப்பில்லை. அவர் பேரன் ஆறு ஆண்டுகளாகக் கருவி ஒன்றோடு சேர்ந்துதான் வாழ்கிறான்.

பிறவியிலேயே காது கேளாத அவனுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் மூன்று வயதில் காக்ளியர் கருவி பொருத்தப்பட்டது. காதுக்குப் பின்னால் மாட்டும் ப்ராசசர் ஒலியை வாங்கிப் பகுத்து, தோலின் மேல் காந்தத்தால் ஒட்டி நிற்கும் கம்பிச்சுருள் (coil) வழியாக உள்ளே அனுப்ப, உட்செவியின் நத்தைச்சுருளுக்குள் செருகப்பட்ட மின்முனைகள் செவிநரம்பை நேரடியாகத் தூண்டுகின்றன. இயல்பான காதில் ஒலியை உணரும் ஏறத்தாழ 3,500 உள் மயிர்செல்கள் பார்க்கும் வேலையை இங்கே 12 முதல் 22 வரையிலான மின்முனைகளே பார்க்க வேண்டியிருப்பதால், தாளம் நன்றாகப் போய்ச் சேருகிறது, சுருதி மங்கிவிடுகிறது. இந்தப் பையன் தவில் சொற்கட்டை என் மேசையில் விரலால் தட்டிக் காட்டுவான். நாதசுரத்தை அவன் பொருட்படுத்துவதே இல்லை.

சென்ற ஆண்டு புதிய ப்ராசசருக்கு மாறிய பிறகு, திருவிழாவில் மேளமே அமுங்கிக் கேட்கிறது என்று அவன் குறை சொன்னான். இப்போதைய ப்ராசசர்களில், சுற்றியிருப்பது அமைதியா, பேச்சா, இசையா, இரைச்சலா என்று நொடிக்கு நொடி தானே வகைப்படுத்தி ஒலியைச் சீர்செய்யும் நிரல் இருக்கிறது. மாதிரி ஒலிகளைக் காட்டிப் பழக்கப்பட்ட நிரல் அது. கருவியின் பதிவைத் திறந்து பார்த்தபோது, சுவாமி புறப்பாட்டு நேரம் பெரும்பாலும் 'இரைச்சல்' என்றே பதிவாகியிருந்தது. அதைப் பழக்கியவர்களின் தெருவில் தவில் ஒலித்திருக்காது என்பது என் ஊகம். தானியங்கி முறையை நிறுத்திய தனி ப்ரோகிராம் ஒன்றை அவனுக்குப் போட்டுக் கொடுத்தேன். சரிசெய்யக் கூடியதுதான், ஆனால் அவனுக்குச் சொல்லத் தெரிந்ததால்தான் எனக்கே தெரிந்தது. மூன்று வயதுக் குழந்தை எதைச் சொல்லும்?

அதே பதிவு, குழந்தை நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் கருவியை அணிந்தது என்பதையும் காட்டும். நாள் முழுக்க மாட்டியே வைத்திருக்கிறோம் என்று சொன்ன ஒரு தந்தையிடம், சராசரி இரண்டு மணி நேரம்தான் என்று திரையைத் திருப்பிக் காட்டியபோது, அவர் வெட்கப்படவில்லை, அதிர்ந்துபோனார். வீட்டில் நடப்பதை ஒரு கருவி எழுதி வைக்கிறது என்று அதுவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லாமல் விட்டிருந்தேன்.

மூளைச் சில்லு செய்யும் நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குப் பொருத்திய கருவியில் 64 நுண்ணிழைகளில் 1,024 மின்முனைகள் இருந்தன. சில வாரங்களில் இழைகள் சில மூளையிலிருந்து பின்வாங்கிவிட, நிரலை மாற்றி இழப்பை ஈடுகட்டினார்கள். கை கால் அசையாத ஒருவர் நினைப்பாலேயே கணினியை இயக்குவதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் அப்பாயியின் கேள்விக்கு விடை வேறோரிடத்தில் இருக்கிறது. பார்வை இழந்தோரின் விழித்திரையில் 60 மின்முனைகளைப் பதிக்கும் ஆர்கஸ் 2 என்னும் கருவி, உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டது. அதைத் தயாரித்த அமெரிக்க நிறுவனம் 2019-இல் தயாரிப்பை நிறுத்தி, மறு ஆண்டு ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பொருத்திக்கொண்டவர்கள் பழுது பார்க்க ஆளின்றி நின்றார்கள்.

ஆகவே என்னிடம் வரும் குடும்பங்களிடம் அறுவை சிகிச்சைக்கு முன்பே சிலவற்றைக் கேட்டுத் தெளியச் சொல்கிறேன். உத்தரவாதக் காலம் முடிந்தபின் ப்ராசசர் கெட்டால் ஆகும் செலவு சில லட்சம் என்பதால், அதை யார் ஏற்பார் என்பது முதலில் தெரிய வேண்டும். பழுது பார்ப்பவர் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருக்கிறாரா, சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டுமா, அதுவரை மாற்றுக் கருவி கொடுப்பார்களா, பதிவாகும் தகவல் யார் கைக்குப் போகிறது, தானியங்கி நிரலை நாமே நிறுத்த முடியுமா என்றெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறார்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பின் டெல்டாவின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சார்ஜ் செய்யும் பேட்டரியை மட்டுமே நம்பியிருந்த பிள்ளைகள் அந்த நாட்களில் மறுபடி ஊமை உலகத்துக்குள் போனார்கள். அவர்களில் ஒருத்தி, அம்மா பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்று நினைத்து அழுதிருக்கிறாள். அப்பாயியிடம் இதைச் சொன்னபோது, அவர் சுருக்குப்பையை அவிழ்த்து, பிரிக்காத டிஸ்போசபிள் பேட்டரி அட்டைகள் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஐப்பசிக்கு முன்னாடியே வாங்கி வச்சிருவேன்" என்றார்.