மாங்குரோவ்: சதுப்புநிலக் காடா, அலையாத்தியா, கண்டலா?

ஆற்று நீர் கடலோடு கலக்கும் கழிமுகங்களிலும், கடல்நீர் ஓதமாக ஏறி இறங்கும் சேற்றுக் கரைகளிலும் உப்பைத் தாங்கி வளரும் மரங்களையும், அவை கூடி அமைக்கும் காட்டையும் ‘மாங்குரோவ்’ என்ற சொல் குறிக்கிறது. இது ஒரு தாவரக் குடும்பத்தின் பெயரன்று. காற்றுப் புகாத சேற்றிலிருந்து மேல்நோக்கி எழும் மூச்சுவேர், தண்டைத் தாங்கும் முட்டுவேர், தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிடும் விதை எனப் பல வழிகளில் ஒரே வகை வாழிடத்துக்குப் பழகிக்கொண்ட, நெருங்கிய உறவில்லாத பல குடும்பங்களின் பொதுப்பெயர் அது.

போர்த்துக்கீசிய ‘மாங்கே’, ஸ்பானிய ‘மாங்லே’ ஆகிய சொற்களின் வழியாக 17ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துக்கு வந்தது. கரீபியத் தீவுகளின் பழங்குடி மொழியொன்றே இதன் மூலம் என்பர். தோப்பைக் குறிக்கும் ‘குரோவ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் சாயல் பின்னர் அதன் ஈற்றில் ஒட்டிக்கொண்டது.

தமிழில் பெரிதும் வழங்கும் ‘சதுப்புநிலக் காடு’ பொருந்தாத பெயர் என்பதே என் உறுதியான கருத்து. சென்னையின் பள்ளிக்கரணை புகழ்பெற்ற சதுப்புநிலம். ஆனால் அது மாங்குரோவ் காடன்று. கேரளத்தின் குளத்துப்புழைப் பகுதியில் காட்டுச் சாதிக்காய் மரங்கள் நிற்பது உண்மையான சதுப்புக் காடு, அங்குள்ளதோ நன்னீர். உப்பும் ஓதமும் இல்லாத இடங்களையும் தழுவிவிடும் பெயர் கலைச்சொல்லாக நிற்க இயலாது.

முத்துப்பேட்டைக் காட்டைக் குறிக்க வழங்கும் ‘அலையாத்தி’ அழகான சொல். அலையை ஆற்றுவது ‘அலையாற்றி’, அது பேச்சில் ‘அலையாத்தி’ ஆனது என்பது பரவலான விளக்கம். தேநீரை ‘ஆத்தி’க் கொடுப்பவர்களுக்கு இந்தத் திரிபு புதிதன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்த விளக்கம் மேலும் ஊன்றிவிட்டது.

ஆயினும் நம் மொழியில் இதற்கு மிகப் பழைய சொல் ‘கண்டல்’. கழிகளைச் சூழ்ந்து நிற்கும் இம்மரங்களை நற்றிணையின் நெய்தல் பாடல் ‘கண்டல் வேலி’ என்கிறது. கரையைக் காக்கும் இயல்பு அந்த இரண்டு சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. ஈழத்துப் பாடநூல்களில் ‘கண்டல் தாவரம்’ என்பதே வழக்கு, மலையாளத்திலும் ‘கண்டல்காடு’தான். கண்டல் ஒரு தனி மரத்தின் பெயராயிற்றே, பொதுப்பெயராகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ரைசோபோரா என்னும் மாங்குரோவ் மரத்தைக் கண்டல் என்று அழைத்த மக்களே, வேறு குடும்பத்தைச் சேர்ந்த அவிசென்னியா மரங்களுக்கு வெண்கண்டல், கருங்கண்டல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆகவே கலைச்சொல் குழுக்கள் கூடுவதற்கு நெடுங்காலம் முன்பே அச்சொல் பொதுப்பெயராகிவிட்டது.