அடையாள அட்டையிலிருந்து பிறந்த திகதி எடுக்கும் பதினைந்து வரிகள்

வலிகாமத்தில் உள்ள ஒரு சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து சென்ற மாதம் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. அங்கத்தவர் பதிவேட்டைக் கவனிக்கும் அக்கா, "தம்பி, கணினியில விழுகிற பிறந்த திகதியும் பிறப்புச் சான்றிதழில இருக்கிறதும் ஒரு நாள் மாறுது, எல்லாருக்கும் இல்லை, கனபேருக்கு" என்றார். அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைக் கணக்கிடும் எந்த நிரல்துண்டு (சில வரிக் கணினிக் கட்டளைகள்) அதற்குக் காரணம் என்று மென்பொருளைத் திறப்பதற்கு முன்னரே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே பதினைந்து வரிகளை இந்த ஆண்டில் நான் காணும் நான்காவது இடம் அது. அதை நம்மவர் குழுக்களில் ஒருவர் பகிர, மற்றவர்கள் வாசியாமலே எடுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இலங்கையில் நமது பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு தானங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று தானங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும். பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் 12 தான இலக்கத்தில் ஆண்டு முழுமையாக எழுதப்படுகிறது, நாள் எண்ணும் முறை மாறவில்லை. அந்த முறையில் எல்லா ஆண்டுகளுக்கும் பெப்ரவரி 29 நாட்கள் கொண்டதாகவே கணக்கிடப்படுகிறது. ஆகவே 1995 மார்ச் 1 இல் பிறந்த ஆணின் இலக்கத்தில் 061 என்றும், பெண்ணின் இலக்கத்தில் 561 என்றும் இருக்கும். ஆனால் 1995 நெட்டாண்டு அல்ல, அதன் பெப்ரவரிக்கு 28 நாட்கள்தான். நாட்காட்டியின்படி மார்ச் 1 அந்த ஆண்டின் அறுபதாவது நாள். ஜனவரி முதலாந் திகதியிலிருந்து நேராக எண்ணிக்கொண்டு போகும் நிரல் 61 ஐ மார்ச் 2 ஆக்கிவிடும்.

அந்தத் துண்டை எழுதிய தம்பியை எனக்குத் தெரியும், கெட்டிக்காரர். அவர் பகிர்வதற்கு முன் தன் இலக்கத்தையும் நண்பர் ஒருவரின் இலக்கத்தையும் கொடுத்துச் சோதித்திருக்கிறார். அவர் பிறந்தது 1996 மே மாதத்தில், அது நெட்டாண்டு. நண்பர் பிறந்தது ஜனவரியில், அங்கே பெப்ரவரி குறுக்கிடவே இல்லை. இரண்டு விடைகளும் அச்சொட்டாகச் சரியாக வந்தன. "ஓடவிட்டுப் பார்த்தனான் அண்ணா, வேலை செய்யுது" என்று அவர் சொன்னது பொய்யில்லை.

எனக்கு அலுத்துப்போன வசனமும் அதுதான். ஒரு நிரல் வேலை செய்கிறது என்றால், நீங்கள் கொடுத்த உள்ளீட்டுக்கு, உங்கள் கணினியில், நீங்கள் வைத்திருக்கும் பதிப்பில் அது எதிர்பார்த்த விடையைத் தந்தது என்பதே பொருள். அதற்கு மேல் ஒரு சொல்லும் அதிலிருந்து பெற முடியாது. துண்டு சிறியதாக இருப்பதால் பிழைக்கு இடமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். பெரிய மென்பொருளை எவரும் பயந்து பயந்து தொடுவர். பத்து வரிகளைத்தான் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவர். அந்தப் பத்து வரிகளை எழுதியவர் மனத்தில் வைத்திருந்த நிபந்தனைகள் வரிகளோடு சேர்ந்து வருவதில்லை. இந்தியத் தளமொன்றுக்காக எழுதப்பட்ட கைப்பேசி இலக்கச் சோதனை, பத்துத் தானங்களில் முதலாவது 6 முதல் 9 வரை இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். அதே பத்துத் தானங்கள் கொண்ட நமது 07 இலக்கம் அங்கே செல்லுபடியாகாது. அதை அப்படியே எடுத்து யாழ்ப்பாணத்துக் கடையொன்றின் விண்ணப்பப் படிவத்தில் போட்டவரையும் நான் பார்த்தேன்.

தமிழை வெட்டும் துண்டுகள் இன்னொரு தலைவலி. பிஎச்பி மொழியில் "யாழ்ப்பாணம்" என்ற சொல்லின் நீளத்தைச் சாதாரண முறையில் கேட்டால் 33 என்று வரும். ஏனெனில் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும், அச்சொல்லில் அப்படிப் பதினொரு குறிகள் உள்ளன. நாம் எண்ணும் எழுத்துகளோ ஆறு. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்த, இருபது பைட்டில் வெட்டும் துண்டொன்றை இதில் ஓடவிட்டால் "யாழ்ப்" என்பதோடு ஓர் உடைந்த பெட்டி வந்து நிற்கும். பற்றுச்சீட்டில் தன் பெயரை அப்படிப் பார்க்கும் அங்கத்தவருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

பகிர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே தொழில் பழகியவர்களில் பெரும்பாலானோர், நான் உட்பட, மற்றவர்கள் தந்த துண்டுகளால்தான் வளர்ந்தோம். ஆனால் தரும்போது எந்த மொழி, எந்தப் பதிப்பு, எந்த உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று நான்கு வரி சேர்த்து எழுதுங்கள். பிஎச்பி 7 இல் நீக்கப்பட்டுவிட்ட, தரவுத்தளத்தோடு பேசும் பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகளை இன்றைக்கும் புதியவர்களுக்கு அனுப்பாதீர்கள். நிரலைத் திரையில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர் 1 என்ற இலக்கத்தையும் l என்ற ஆங்கில எழுத்தையும் மாற்றிப் போட்டுவிட்டு இரவு முழுக்க விழித்திருப்பார். வட்ஸ்அப்பில் ஒட்டுவதானால் முன்னும் பின்னும் மூன்று பின்சாய் குறிகளை (`) இடுங்கள். இல்லையென்றால் இரு உடுக்குறிகளுக்கு (*) நடுவே உள்ளதை அது தடித்த எழுத்தாக்கிக் குறிகளை மறைத்துவிடும், உங்கள் பெருக்கல் காணாமற்போகும்.

கடவுச்சொல்லும் சேவைத் திறவுகோலும் (இணையச் சேவையொன்றைப் பயன்படுத்தத் தரப்படும் இரகசியக் குறியீடு) இருக்கும் வரிகளை அனுப்புவோரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. அனுப்பிய செய்தியை அழித்தால் போதும் என்பது தவறு. எத்தனை பேர் பிரதி எடுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் அந்த வரியை நீக்கி மறுபடி பதிந்தாலும் பழைய பதிவில் அது அப்படியே இருக்கும், வரலாற்றைப் புரட்டத் தெரிந்த எவரும் எடுக்கலாம். வெளியே போன திறவுகோலை முதலில் செல்லாததாக்கிப் புதியதை எடுங்கள், விளக்கமெல்லாம் பிறகு.

எடுத்து ஒட்டுகிற தம்பி தங்கைகளிடம் ஒன்றை மன்றாட்டமாகவே கேட்கிறேன். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். சொல்ல வராத வரி இருந்தால் தந்தவரிடம் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டவரை "இதுகூடத் தெரியாதா" என்று வாயடைக்கும் மூத்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். இந்தத் திகதித் துண்டு நான்கு இடங்களுக்குப் போனதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

சங்கத்தின் மென்பொருளில் திருத்தம் மூன்று வரிகள்தான். பெண்களுக்குரிய 500 ஐக் கழித்த பின், ஆண்டு நெட்டாண்டு இல்லையென்றால் 60 ஐ விடப் பெரிய நாளிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். நாள் சரியாக 60 ஆக இருந்தால் பெப்ரவரி 29 இல்லாத ஆண்டு என்பதால் அந்த இலக்கமே பிழை என்று திருப்பி அனுப்ப வேண்டும். அதை எழுதிய தம்பியையே கூப்பிட்டுத் திருத்தச் சொன்னேன். நெட்டாண்டில் ஒன்று, மற்ற ஆண்டில் பெப்ரவரிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, ஒரு பெண்ணின் இலக்கம், 060 உடன் ஒரு பிழையான இலக்கம் என ஐந்து கற்பனை இலக்கங்களையும் அவற்றுக்குரிய விடைகளையும் சேர்த்து அவர் அதே குழுக்களில் மீண்டும் பகிர்ந்தார். ஏற்கெனவே பதிவான திகதிகளை அந்த அக்கா பேரேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார். நேற்றுக் கேட்டபோது பாதிதான் முடிந்திருந்தது.